நடு வரிசையில் ஒரு காலியிடம்

இது நடந்த விஷயம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சிமடம் பக்கம் போனால் ஹெலனைத் தேடிப் பிடித்து "நிஜமாவா?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தப் பெண் அழுது ஓய்ந்து இப்போதுதான் கொஞ்ச நாளாகச் சிரிக்கிறாள்.

அவள் சொன்னதைத் தனியாகக் கேட்டேன். அவளுடைய தோழி யுவராணி சொன்னதையும் தனியாகக் கேட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

ஹெலன் ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தாள். கூடவே என்.சி.சி. அதில் கடைசிப் படி 'சி' சான்றிதழ். மூன்று வருடம் வெயிலில் கருகினவர்கள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். நல்ல கிரேடில் தேறினால் ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். ஹெலனின் அண்ணன் ரெக்ஸ் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தான். "நனையாத சம்பளம்."

பரம்பரையாகக் கடலில் நனைந்தே சம்பாதித்த குடும்பம். அவனுக்கு அப்படித் தோன்றியதில் தப்பில்லை.

ரெக்ஸும் அதே கல்லூரி, அதே என்.சி.சி. அவளுக்கு ஒரு வருடம் மூத்தவன். போன வருடம் அவன் 'சி' தேர்வு எழுத வேண்டியவன். தேர்வு முகாமுக்குப் பை கட்டி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பா இமானுவேலின் வள்ளத்துக்கு ஆள் வரவில்லை. "ஒரு பாடு வலைதானம்மா, விடியக்குள்ள வந்துருவேன்" என்று ரெக்ஸ் போனான்.

தென்கடலில் காற்று திடீரென்று மாறியது. வள்ளம் கவிழ்ந்தது. சித்தப்பா காலி கேனைக் கட்டிப் பிடித்து மிதந்து, மத்தியானம் வேறொரு படகில் ஏறி வந்தார். ரெக்ஸ் வரவில்லை. ஊரே படகு எடுத்துத் தேடியது. ஒரு சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை.

அம்மா லீமாரோஸ் ஒரே பிடியாக நின்றாள்.

"எம்பிள்ள சாகல. நீந்தி அக்கரைக்குப் போயிருப்பான். அங்கன புடிச்சு ஜெயில்ல வச்சிருக்காக. விடுவாக, வருவான்."

அப்படிப் போய், மாதக்கணக்கில் இருந்து திரும்பி வந்தவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அதனால் யாராலும் அவளோடு மல்லுக்கட்ட முடியவில்லை. அப்பா அருளானந்தம் ஒருநாள் மெதுவாக, "சாமியார்ட்ட சொல்லி அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை..." என்று ஆரம்பித்தார். சோற்றுத் தட்டு பறந்தது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பூசை இல்லை. மாலை போட்ட படம் இல்லை. தினமும் ராத்திரி அம்மா ரெக்ஸுக்கு ஒரு தட்டு வைத்தாள். சனிக்கிழமை தவறாமல் அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவே விடமாட்டாள். வந்தவன் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

ஹெலனுக்குப் போனது வேறு. அண்ணனைத் தேடி அன்று கரையில் நின்று பொழுது சாயும்வரை கத்தினாள். அதோடு குரல் படுத்துவிட்டது. பேச வரும். உரக்கக் கூப்பிட வராது. வாயைத் திறந்தால் காற்றுதான்.

'சி' தேர்வில் டிரில் என்று ஒரு பகுதி உண்டு. படைவரிசையை விட்டுத் தள்ளி மைதானத்தின் மறுகோடியில் நின்று கட்டளை கொடுக்க வேண்டும். குரல் எட்டவில்லை என்றால் தேர்ச்சி கிடையாது. அண்ணனுக்குக் கிடைக்காமல் போன சான்றிதழை வாங்கியே தீருவது என்று அவள் நினைத்திருந்தாள். குரல் இல்லாமல் எப்படி வாங்குவது?

முகாம் புதுமடம் பக்கம், கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு மைதானத்தில். பயிற்சி கொடுத்தவர் சுபேதார் உக்கிரபாண்டி. கமுதிக்காரர். அவர் ஒரு அதட்டல் போட்டால் தோப்பில் இருக்கிற காக்காய் அத்தனையும் எழும்பிப் பறக்கும். ரெக்ஸுக்கும் அவர்தான் டிரில் சொல்லிக் கொடுத்தவர்.

ஹெலன் கட்டளை கொடுத்ததைக் கேட்டு, "ஏத்தா, இது படையா, கோயில்ல செபமா? எனக்கே கேக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் அவருக்கு அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று ஞாபகம் வந்தது போல. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கரையில் தூரம் கணிக்கிற பயிற்சி.

"நல்லாக் கேட்டுக்கங்க. நூறு மீட்டர்ல நிக்கிறவனுக்குக் கண்ணு மூக்கு தெரியும். இருநூறுல மூஞ்சி மங்கும். முன்னூறுல உருவம் மட்டும். நானூறுல ஆளா கட்டையான்னே சந்தேகம் வரும்."

கடலுக்குள் நண்டு வலைக்காரர்கள் அடையாளத்துக்கு மிதக்க விட்டிருந்த ஒரு சிவப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது. சுபேதார் அதைக் காட்டினார்.

"அது எவ்வளவு?"

"நானூறு சார்!"

ஹெலன் மட்டும் "நூறு" என்றாள்.

"எது நூறு?"

"கொடி இல்ல சார். கொடிக்குப் பின்னால நிக்கிறவரு."

எல்லோரும் பார்த்தார்கள். கொடிக்குப் பின்னால் கடல்தான் இருந்தது.

"வெயில் மண்டையில ஏறிருச்சு. போய்த் தண்ணி குடி" என்றார் சுபேதார்.

ஹெலன் மறுபடி பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பார்த்திருந்தாள். காக்கி உடுப்பு. தலையில் பெரே தொப்பி. கைகளைப் பின்னால் கட்டி, கால்களை அகற்றி, தண்ணீரின் மேலே நின்றுகொண்டிருந்தான். கொடிக் கம்பு அவனுக்கு முன்னால்தான் ஆடியது. அப்படியென்றால் அவன் நானூறு மீட்டருக்கும் அந்தப் பக்கம்.

அவ்வளவு தூரத்தில் முகம் தெரியக் கூடாது.

அவளுக்கு இடது புருவத்தில் இருந்த தையல் தழும்புவரை தெரிந்தது.

அந்தத் தழும்பு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் தேர்வுக்கு விடமாட்டார்கள். போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாள்.

விடிகாலையில், அதே முகாமுக்கு வந்திருந்த யுவராணிதான் அவளை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள்.

"விசில் அடிக்கிறதுக்குள்ள கொஞ்ச நேரம் கத்திப் பாரு. நா அங்கன போய் நிக்கிறேன். எனக்குக் கேட்டாப் போதும்."

மணி ஐந்தே முக்கால். கிழக்கே சாம்பல் வெளிச்சம். காற்று துளியும் இல்லை. அலைகூடச் சத்தம் போடவில்லை.

யுவராணி கடலுக்கு முதுகைக் காட்டி, அலை எட்டாத மணலில் நின்றாள். ஹெலன் மேட்டில் ஏறி அவளைப் பார்த்து நின்றாள்.

"சாவ்தான்..."

குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நிற்கச் சொல்கிற கட்டளை. காற்றாகத்தான் வந்தது.

"கேக்கல!" என்று யுவராணி கத்தினாள்.

"சாவ்தான்!"

யுவராணியின் குதிகால்கள் மணலில் சேர்ந்தன. தப். மணலில் அந்தச் சத்தம்தான் வரும்.

உடனே இன்னொரு சத்தம்.

டக்.

லாடம் அடித்த பூட்ஸ் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம். அங்கே சிமெண்டுத் தரை கிடையாது.

ஹெலன் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. பிரமை என்று நினைத்தாள்.

"தாயினே முட்!" வலப்பக்கம் திரும்பு.

தப்.

...டக்.

ஹெலனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சத்தத்தால் அல்ல. அது ஒரு மூச்சு தாமதமாக வந்ததால். ரெக்ஸுக்கு டிரில்லில் இருந்த ஒரே குறை அது. இடது குதிகால் எப்போதும் பிந்திச் சேரும். வீட்டு வாசல் சிமெண்டில் பழகும்போது, "உன் கால் ரெண்டும் வேற வேற பஸ்ல வருதாண்ணே?" என்று அவள் கேலி செய்வாள்.

"பாயேன் முட்!" இடப்பக்கம் திரும்பு. அவள் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

தப்.

...டக்.

யுவராணி மறுபடி ஹெலனைப் பார்த்து நின்றாள். முகம் மாறியிருந்தது. சாவ்தானில் நிற்பவர்கள் தலையைத் திருப்பக் கூடாது. மூன்று வருடப் பழக்கம். உதட்டை மட்டும் அசைத்தாள்.

"ஹெலன்... எம் பின்னால யாருடி?"

"யாருமில்ல."

"பொய் சொல்லாத. மூச்சு கேக்குது."

ஹெலன் அவளுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தாள்.

"எங்கழுத்துல தண்ணி சொட்டுதுடி..."

யுவராணியின் தலைக்கு மேலே ஒரு பெரே தொப்பி தெரிந்தது.

"திரும்பட்டுமா?"

"திரும்பாத!"

தொப்பிக்குக் கீழே முகம்.

நனைந்த முகம். கோரமாக ஒன்றும் இல்லை. ரெக்ஸ்தான். தங்கையைப் பார்த்தான். அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறவனாகப் பார்த்தான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது என்று ஹெலன் சொன்னாள்.

"அண்ணே" என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"விஷ்ராம்" என்றுதான் வந்தது. கால்களை அகற்றி இலகுவாக நிற்கச் சொல்கிற கட்டளை.

தப்.

...டக்.

முகாமில் விசில் ஊதியது. யுவராணி ஓட்டம் எடுத்தாள். ஹெலனும் ஓடினாள். தோப்பு ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். வெறும் மணல். வெறும் கடல். யுவராணியின் சட்டைக் காலர் பிழிகிற அளவுக்கு ஈரமாக இருந்தது.

"யாருடி அது?"

"எங்கண்ணன்."

யுவராணி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, ஹெலனின் கையைப் பிடித்தபடியே காலைச் சாப்பாட்டு வரிசையில் நின்றாள்.

கல்லாட்டம் பூரி. அதை மென்றுகொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று சுபேதார் கடைசியாக ஒருமுறை பாடம் சொன்னார்.

"கட்டளையில கடைசி விசர்ஜன். மறந்தா மார்க் போச்சு. விசர்ஜன்னு சொன்னதும் வலது பக்கம் திரும்பணும், ஒரு மூச்சு நிக்கணும், அப்புறந்தான் கலையணும். அதைச் சொல்ற வரைக்கும் ஒருத்தன் எடத்தை விட்டு நகரக் கூடாது. மழை பேஞ்சாலும் நிக்கணும், இடி விழுந்தாலும் நிக்கணும். புரிஞ்சுதா?"

ஹெலன் பூரியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவள் விஷ்ராம் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டாள். விசர்ஜன் சொல்லவில்லை.

அப்படியென்றால் அவன் நின்றுகொண்டிருப்பான்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. இன்றைக்கு மட்டுமா? ஒரு வருடமாகவே யாரும் அவனை அனுப்பி வைக்கவில்லை. பூசை இல்லை. சிலுவை இல்லை. தட்டில் சோறும் தாழ்ப்பாள் இல்லாத கதவும்தான். பாவம், அவன் எங்கே போவான்?

தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஒரு மேஜர் வந்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஹெலனின் முறை வந்தது. எதிரே பதினோரு பேர், மூன்று வரிசை. பதினோரு பேரை மூன்று வரிசையாக நிறுத்தினால் ஓர் ஆள் குறையும். அந்தக் குறையை எங்கே வைப்பது என்பதற்கும் படையில் ஒரு முறை இருக்கிறது. நடு வரிசையில், இடது கோடியிலிருந்து இரண்டாவது இடத்தைக் காலியாக விட வேண்டும். அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்தில்தான் யுவராணி நின்றிருந்தாள்.

"சாவ்தான்!"

குரல் கரகரத்துத் தேய்ந்தது. மேஜர் உதட்டைப் பிதுக்கினார். சுபேதார் கண்ணை மூடிக்கொண்டார். பதினோரு ஜோடி பூட்ஸ் ஒன்றாகச் சேர்ந்தன.

...டக்.

காலியிடத்திலிருந்து.

யுவராணியின் கண்கள் விரிந்தன. முகம் அசையவில்லை. காலியிடத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் எச்சில் விழுங்குவது தெரிந்தது.

"யாரு அது லேட்டு?" என்று முணுமுணுத்தார் சுபேதார். "இடது குதிகால்... எப்பப் பாரு இடது கு..." பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். அந்த வரிசையையே பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

ஹெலனுக்கு யாரும் தெரியவில்லை. காலியிடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அவள் அந்தப் பதினோரு பேருக்குக் கட்டளை கொடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு கட்டளைக்கும் குரல் ஏறியது. திரும்பச் சொன்னாள், திரும்பினான். நடக்கச் சொன்னாள், நடந்தான். நிற்கச் சொன்னாள், ஒரு மூச்சு பிந்தி நின்றான். அவன் எழுதாமல் போன தேர்வை எழுதிக்கொண்டிருந்தான்.

மிச்சம் ஒரு கட்டளை.

அவள் சொல்லவில்லை.

சொன்னால் போய்விடுவான். அம்மா வைக்கிற தட்டு, சனிக்கிழமை பாலிஷ், திறந்து கிடக்கிற கதவு... எல்லாம் முடிந்துபோகும். அம்மாவைக் கேட்காமல் அதை எப்படிச் சொல்வது?

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

"கேடட். கடைசிக் கட்டளை?"

ஹெலன் காலியிடத்துத் தரையைப் பார்த்தாள்.

காய்ந்த மண். அதில் ஒரு சொட்டு விழுந்தது.

இன்னொரு சொட்டு.

இன்னொன்று.

ஒரு வருடமாக ஈரத் துணியோடு நிற்கிறான்.

"விசர்ஜன்!"

அந்தக் குரல் தோப்பைத் தாண்டிப் போனது. காக்காய்கள் எழும்பின. பதினோரு பேர் வலப்பக்கம் திரும்பினார்கள்.

...டக்.

ஒரு மூச்சு.

பிறகு பூட்ஸ் நடந்தது. வரிசையை விட்டு, மைதானத்தை விட்டு, கடலைப் பார்த்து. அவசரமே இல்லாமல். மணலிலும் அதே சத்தம். தண்ணீர் வந்த இடத்தில் நின்றுவிட்டது.

மேஜருக்கு எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. "குரல் பிரமாதம். ஏன் அழுகை?" என்றார்.

"கண்ணுல மணல் சார்" என்றாள் ஹெலன்.

சுபேதார் அவள் பக்கத்தில் வந்தார். கடலைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பயந்த பிள்ளைகள், காலி வயிறு என்று எதையாவது சொல்லி என்னையே சமாதானப்படுத்தியிருப்பேன்.

முகாமில் செல்போன்களை வாங்கி வைத்திருந்தார்கள். சாயங்காலம்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஹெலன் வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் "அம்மா" என்று சொல்வதற்குள் லீமாரோஸ் பேச ஆரம்பித்தாள்.

"ஏடி, ஒங்கண்ணன் வந்தான்டி."

ஹெலன் போனைக் காதோடு அழுத்தினாள்.

"எப்பம்மா?"

"காலைல. பத்தரை இருக்கும், உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல வந்து நின்னான். யூனிபார்மு போட்டிருந்தான். உள்ள வாடா, சாப்புடுடான்னேன். வரல. 'காலெல்லாம் தண்ணிம்மா, வீடு நனையும்'னான். 'தங்கச்சி விட்டுட்டா, நா போறேன்'னான்."

ஹெலன் தோப்புக்கு அப்பால் கடலைப் பார்த்தாள்.

"அவன்ட்ட என்னடி சொன்ன நீ?"

ஹெலன் அழ ஆரம்பித்தாள். அம்மா கோபப்படவில்லை.

"சரி, அழாத. சாமியாரப் பாத்துச் சொல்லிட்டேன். வியாழக்கிழமை பூசை. வந்துரு."

மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்தும்போது ஹெலன் வீட்டுக்கு வந்தாள். வாசல் சிமெண்டில் அம்மா ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். யாரும் மிதித்துவிடக் கூடாதாம். கூடையை எடுத்துக் காட்டினாள்.

இரண்டு பூட்ஸ் தடங்கள். ஒரு நாளாகியும் காயாத ஈரம். ஹெலன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"என்னைப் பாத்துத்தான்டி நின்னான்" என்றாள் லீமாரோஸ். "பேசிட்டு, அப்படியே ஒரு திரும்புத் திரும்பினான். அம்புட்டுத்தான், காணோம்."

லீமாரோஸுக்கு டிரில் தெரியாது. அருளானந்தத்துக்கும் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். தடங்கள் வீட்டைப் பார்த்து இல்லை. சரியாக வலப்பக்கம் திரும்பி, குதிகால்கள் கூடி, நுனிகள் அகன்று இருந்தன. வலது தடம் சுத்தமாகப் பதிந்திருந்தது. இடது தடம் மட்டும் கொஞ்சம் இழுபட்டு, பிந்தி வந்து சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை பூசை நடந்தது. உடல் இல்லாததால் பெட்டிக்குள் அவன் யூனிபார்மையும் பாலிஷ் போட்ட பூட்ஸையும் வைத்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் ஈரம் காய்ந்திருந்தது.

ஹெலனுக்கு 'சி' சான்றிதழ் கிடைத்துவிட்டது. நேர்முகத்துக்குக் காத்திருக்கிறாள். சுபேதார் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். யுவராணி இன்றைக்கும் கழுத்தில் தண்ணீர் பட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

பூசை முடிந்த அன்று ராத்திரி லீமாரோஸ் மூன்று தட்டுதான் வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் வாசலுக்குப் போனாள். தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.